நெஞ்சு படபடத்தால் பயமா, பயிற்சியா? நாடியை எண்ணி ஓடப் பழகுதல்

மூன்று வருடங்களாக வாரத்தில் நான்கு நாட்கள் காலையில் ஓடுகிறேன். கிளிநொச்சியில், இரணைமடுவிலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டிய மண் வீதிதான் நான் ஓடும் இடம். ‘ஓடுகிறேன்’ என்று நான் எழுதினாலும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். வயலுக்குப் போகும் ஐயா ஒருவர் தொடக்கத்தில் என்னைச் சைக்கிளில் முந்திக்கொண்டு போகும்போது, “தம்பி, நடக்கிறியோ ஓடுறியோ எண்டு ஒருக்காச் சொல்லு” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. முதல் ஐந்து மாதங்கள் எனது வேகம் விறுவிறுவென்று நடப்பவரின் வேகத்தை விடச் சற்றே கூட. அந்த வேகத்தை நான் தெரிவு செய்யவில்லை. என் இதயத் துடிப்பைக் காட்டிய மணிக்கூடுதான் தெரிவு செய்தது.

அப்போது எனக்கு 43 வயது. கிளினிக்கில் பிரஷர் கூட என்றார்கள், சீனியும் எல்லையில் நிற்கிறது என்றார்கள். குளிசை தொடங்க முன் ஆறு மாதம் உடற்பயிற்சி செய்து பார்க்கலாம் என்று வைத்தியர் சொன்னார். பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஓடிய ஞாபகத்தில்தான் ஓடினேன். முந்நூறு மீற்றர் போயிருக்கும். நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. களைப்பு என்று சொல்ல முடியாது. கை குளிர்ந்து, காது அடைத்து, ‘இனி முடிஞ்சுது’ என்ற எண்ணம் வந்தது. மதகில் குந்திவிட்டேன். அடுத்த நாளும் அதே கதை. ஈ.சி.ஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொன்று எடுத்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை.

அதற்கு முன் நான் கடைசியாக மூச்சு வாங்க ஓடியது 2009 ஆம் ஆண்டில். எங்கள் பேச்சில் ‘ஓடினது’ என்ற சொல்லுக்கு விளையாட்டோடு தொடர்பில்லை. ‘95 இல ஓடினது’, ‘மாத்தளனுக்கு ஓடினது’, ‘வலைஞர்மடத்துக்கு ஓடினது’ என்றுதான் கதைக்கிறோம். நெஞ்சு அடிப்பதும் ஓடுவதும் ஆபத்தும் ஒன்றாகவே உடம்பில் பதிந்துபோன சனம் நாங்கள். போரின் வருத்தம் எங்கள் மக்களிடம் மனக்கவலையாக மட்டும் வெளிப்படுவதில்லை, உடம்பு நோவாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் வெளிப்படுகிறது என்பதை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதி வந்திருக்கிறார். எனக்கு அது வாசித்து விளங்கவில்லை, மதகில் குந்தியிருந்தபோதுதான் விளங்கியது.

இதயத்துக்குக் காரணம் தெரியாது என்பதுதான் இதில் முதல் பாடம். ஓடும்போது தசைகளுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவை. நரம்பும் அட்ரினலினும் இதயத்தை விரட்டுகின்றன, அது வேகமாக அடித்துக் குருதியை அனுப்புகிறது. செல் சத்தம் கேட்டாலும் அதே நரம்பு, அதே அட்ரினலின், அதே விரட்டல். முதலாவதில் கால் வேலை செய்கிறது, இரண்டாவதில் கால் இன்னும் அசையவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே ஓட்டத்தால் துடிப்பு ஏறும்போது பழைய பயமும் சேர்ந்து எழும்புவது விசித்திரமல்ல. திடீர்ப் பயத் தாக்கம் உள்ளவர்களுக்கான உளச் சிகிச்சையில், ஆளை வேண்டுமென்றே படியேறி இறங்க வைத்து, நெஞ்சு அடித்தாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று உடம்புக்குக் காட்டும் முறை ஒன்று உண்டு. நான் செய்யத் தொடங்கியது தெரியாமலே அதற்குக் கிட்டவான ஒன்றைத்தான்.

கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், தான் பாவித்து விட்ட மணிக்கூட்டை ஊருக்கு வந்தபோது தந்துவிட்டுப் போனார். “சும்மா ஓடாதை, துடிப்பைப் பாத்து ஓடு” என்றார். இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. இதயத்தின் மின்சைகையைத் தெளிவாகப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கியதற்காக வில்லெம் ஐந்தோவன் 1924 இல் நோபல் பரிசு பெற்றார். அது அறை நிறைந்த கருவி. ஓடுபவர் உடம்பிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய கம்பியில்லாத கருவி 1982 இல் பின்லாந்தின் போலார் நிறுவனத்திடமிருந்து வந்தது. நெஞ்சுப் பட்டி துடிப்பை எடுக்க, கையிலுள்ள மணிக்கூடு இலக்கத்தைக் காட்டும். பனியில் சறுக்கி ஓடும் வீரர்களின் பயிற்சியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, இன்று வாய்க்கால் கரை வரை வந்துவிட்டது.

இப்போதைய மணிக்கூடுகள் பலவற்றின் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கும். தோலுக்குக் கீழே குருதி வந்து போவதை அந்த வெளிச்சம் திரும்பி வரும் அளவைக்கொண்டு கணிக்கிறது. வசதியானது, ஆனால் ஏமாற்றும். மூன்றாவது நாள் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது 172 என்று காட்டியது. பதறிப்போய் நின்று, கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். 140 தான் வந்தது. மணிக்கூட்டை இளக்கமாகக் கட்டியிருந்தேன். அது இதயத் துடிப்பை விட்டுவிட்டு, கை ஆடுவதை, அதாவது நிமிடத்துக்கு நான் வைக்கும் காலடிகளை எண்ணியிருக்கிறது. ஓடும்போது காலடி நிமிடத்துக்கு 160, 170 வருவது வழக்கம், ஆகவே இந்தப் பிழை நிறையப் பேருக்கு நடக்கும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, இறுக்கமாகக் கட்டினால் குறையும். நெஞ்சுப் பட்டி இதைவிட நம்பகமானது. உடம்பில் செல் துண்டுகளோடு வாழும் நண்பர் ஒருவர், பட்டியிலிருந்து ‘கரண்ட்’ உள்ளே போகுமோ என்று கேட்டார். போகாது. இதயம் தானாக எழுப்பும் சைகையைக் கேட்பது மட்டுந்தான் அதன் வேலை. காயத் தழும்புக்கு மேலே பட்டி உரசினால் நோகும், அதைப் பார்த்துக் கட்ட வேண்டும். இதயத்துக்குக் கருவி பொருத்தியவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

இனி, எந்த இலக்கத்தில் ஓடுவது?

220 இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவருடைய உச்சத் துடிப்பு வரும் என்று பலரும் சொல்வார்கள். 1970களின் தொடக்கத்திலிருந்து புழங்கும் கணக்கு இது. 2001 இல் தனக்கா என்ற ஆய்வாளரும் சகாக்களும் வயதை 0.7 ஆல் பெருக்கி 208 இலிருந்து கழிப்பது பொருத்தம் என்று காட்டினார்கள். 40 வயதில் இரண்டும் ஒரே விடைதான், 180. வயது கூடக் கூடத்தான் விலகும். 60 வயதுக்காரருக்குப் பழைய கணக்கு 160 என்றும் புதியது 166 என்றும் சொல்லும். எனக்கு முறையே 177, 178. ஆனால் இவை சராசரிகள். ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பு இருபதால் வேறுபடுவது சாதாரணம். ஆகவே வாய்பாட்டைச் சட்டமாக எடுக்காதீர்கள்.

நான் பாவித்தது கார்வொனென் என்ற பின்லாந்துக்காரர் 1957 இல் காட்டிய வழி. காலையில் எழும்பி, தேநீருக்கு முன், படுக்கையிலேயே நாடியை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எனக்கு 78. உச்சத்திலிருந்து இதைக் கழித்தால் 100. அதுதான் எனது ‘கையிருப்பு’. அதில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை எடுத்து, மறுபடி 78 ஐக் கூட்டினால் 128 முதல் 138. சுகமான ஓட்டத்துக்கு அதுதான் என் எல்லை. பிலிப் மாஃபெட்டோன் என்ற அமெரிக்கப் பயிற்றுநரின் வழி இன்னும் எளிது. 180 இலிருந்து வயதைக் கழி, நோயிலிருந்து மீள்பவராகவோ தொடர்ந்து மருந்து எடுப்பவராகவோ இருந்தால் இன்னும் 10 ஐக் கழி, அதற்கு மேலே போகாதே. எனக்கு 137. இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றதால் நம்பிக்கை வந்தது.

நம்பிக்கை வந்தது, வெட்கமும் வந்தது. 137 ஐத் தாண்டாமல் ஓடுவதென்றால் நூறு மீற்றர் ஓடி, ஐம்பது மீற்றர் நடந்து, மறுபடி ஓட வேண்டியிருந்தது. ஐந்து கிலோமீற்றருக்கு 47 நிமிடம். நாய்கள் கூட ஆர்வமிழந்துவிட்டன.

ஏன் இவ்வளவு மெல்ல? சுகமான வேகத்தில் நீண்ட நேரம் ஓடும்போது தசைக்குள் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன, தசைக் கலங்களுக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணிகள் கூடுகின்றன, கொழுப்பை எரிக்கும் ஆற்றல் வளர்கிறது, இதயம் ஒரு அடிக்கு அனுப்பும் குருதியின் அளவும் கூடுகிறது. அதனால்தான் பழகியவரின் இதயம் ஓய்வில் குறைவாக அடிக்கிறது. ஒவ்வொரு நாளும் மூச்சு முட்ட ஓடினால் உடம்பு மீள நேரமில்லாமல் களைப்பும் காயமும்தான் மிஞ்சும். நோர்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், உலகத் தர நெடுந்தூர வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் மெதுவானவை என்று கண்டார். கடும் பயிற்சி மிச்ச 20 சதவீதந்தான். ஹவாயில் நடக்கும் அயன்மான் போட்டியை ஆறு தடவை வென்ற மார்க் அலன், மாஃபெட்டோனின் சொல்லைக் கேட்டு 155 ஐத் தாண்டாமல் ஓடத் தொடங்கியபோது, ஒரு மைலுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய தரத்துக்கு அது ஊர்வதுதான். அவருக்கே அப்படி என்றால் எனக்கென்ன வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு மெதுவில் கிடைத்தது வேறொன்று. 137 க்குக் கீழே நிற்கும்வரை பயம் எழும்பவில்லை. முதல் நாள் என்னை மதகில் இருத்தியது 165, 170 அளவில் வந்த துடிப்பாக இருக்க வேண்டும். இப்போது துடிப்பு ஒவ்வொன்றாக ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 120, 126, 131. ஏறுகிறது, காரணம் தெரிகிறது, நடந்தால் இறங்குகிறது. நின்றபின் முதல் நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பது தனியாகக் கவனிக்க வேண்டிய அளவு. 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்குவது நல்ல அடையாளம் அல்ல என்று 1999 இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. கடும் முயற்சிக்குப் பிறகு அளந்த கணக்கு அது, ஆகவே மெல்லோட்டத்தில் நேரடியாகப் பொருத்தக் கூடாது. எனக்கு அந்த இறக்கத்தைக் கண்ணால் காண்பதே போதுமாக இருந்தது.

ஏழாவது மாதம் என்று நினைக்கிறேன். வாய்க்கால் ஓரம் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். தாழப் பறந்து ஒரு ஹெலி போனது. ஓடவில்லை, அசையவுமில்லை. மணிக்கூட்டில் 118. விறுவிறுவென்று நடந்தால் வரும் இலக்கம். முன்பென்றால் அந்த நாள் முழுதும் கெட்டிருக்கும். அன்று செய்தது, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டுக்கொண்டு இலக்கத்தைப் பார்த்ததுதான். மூச்சை வெளியே விடும்போது இதயம் சற்றுத் தணிந்து அடிப்பது இயற்கை. 110, 101, 92. நான்கு நிமிடத்தில் 84. பிறகு வழமைபோல் ஓடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலை நாடியை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். நித்திரை குழம்பினால், காய்ச்சல் வரப் போகிறதென்றால், முந்தைய நாள் கூட ஓடியிருந்தால், ஐந்து ஆறு கூடியிருக்கும். அன்று ஓய்வு, அல்லது நடை மட்டும். கொப்பியைப் புரட்டியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்று வருடமும் மே மாத நடுப்பகுதியில் இலக்கம் கூடியிருக்கிறது. நான் மறந்திருந்தாலும் உடம்பு நாட்காட்டி பார்க்கிறது. போர் போன்ற அனுபவங்களால் மனவடு உள்ளவர்களில் ஓய்வு நாடி சராசரியாகச் சற்றுக் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அந்தக் கிழமையில் நான் வேகத்தைப் பற்றி யோசிப்பதில்லை. விளக்கேற்றிவிட்டு வந்து மெல்ல நடப்பேன்.

எங்கள் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குக் குருதி போக வேண்டும், வியர்வையால் குருதியின் அளவும் குறைகிறது, ஆகவே ஒரே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். காலை ஐந்தரைக்கு 130 இல் ஓடும் அதே வேகம் எட்டு மணி வெயிலில் 145 ஐத் தொடும். உங்கள் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேகத்தைக் குறையுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஏப்ரல் மாதத்தில் இன்னும் முந்தி எழும்புங்கள்.

இந்த இலக்கங்கள் எல்லோருக்கும் பொருந்தா என்பதுதான் எங்கள் சனத்துக்கு முக்கியமான பகுதி. பிரஷருக்கும் இதய வருத்தத்துக்கும் அற்றெனொலோல், மெற்றொபுரொலோல் போன்ற குளிசைகள் எடுப்பவர்கள் பலர். படபடப்புக்கு புரொப்ரனலோல் எடுப்பவர்களும் உண்டு. இவை துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும் மருந்துகள். அவர்களுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் சரிவராது. 110 இலேயே அவர்கள் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கக்கூடும். இலக்கத்தை எட்ட வேண்டும் என்று ஓடுவது ஆபத்து, ஓடுவதற்காகக் குளிசையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. குருதிச்சோகை உள்ள பெண்களுக்குத் துடிப்பு இயல்பிலேயே கூடியிருக்கும். முதலில் அதைப் பார்ப்பித்துக்கொள்ள வேண்டும்.

கால் இழந்தவர்களுக்கு இதயத் துடிப்பு, என்னைப் போன்றவர்களை விடக் கூடுதலாக உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் அயலில் ஒரு அக்கா, முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால். தான் மெல்ல நடப்பதால் அது பயிற்சியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தா. ஒரு நாள் பட்டியைக் கட்டிப் பார்த்தோம். கடைக்குப் போய் வரும் நடையிலேயே அவவுக்கு 124. அதே நடை எனக்கு 98. பொய்க்காலோடு நடப்பதற்கு உடம்பு கூடுதல் சக்தி செலவழிக்கிறது, முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்கு இன்னும் கூட. வேகத்தை வைத்து அவவை அளந்தது பிழை. “அப்ப நான் இவ்வளவு காலமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறன்” என்றா.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கையால் செய்யும் பயிற்சியில் உச்சத் துடிப்பு, காலால் ஓடுபவரை விடப் பத்துப் பதினைந்து குறைவாகவே வரும். தசைத் திணிவு குறைவு என்பதால் அது இயல்பு. முள்ளந்தண்டில் நெஞ்சுக்கு மேற்பகுதியிலோ கழுத்திலோ காயப்பட்டவர்களுக்கு நிலைமை வேறு. இதயத்தை விரட்டும் நரம்பு வழியே அறுந்திருப்பதால் எவ்வளவு உழைத்தாலும் 120, 130 க்கு மேல் போகாமல் இருக்கலாம். அவர்கள் இலக்கத்தை விட்டு, உணரும் களைப்பை அளவாகக் கொள்ள வேண்டும்.

அந்த அளவுக்கும் ஒரு முறை இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் என்பவர் 6 முதல் 20 வரையான ஒரு அளவுகோலை அமைத்தார். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்கு மேல் ஏலாது. ஏன் ஆறில் தொடங்குகிறது என்று யோசித்தேன். பத்தால் பெருக்கினால் இளைஞர் ஒருவரின் நாடிக்குக் கிட்ட வரும், அதற்காகத்தான். 11, 12 அளவில் நின்றால் சுகமான பயிற்சி. அதுவும் வேண்டாமென்றால் பக்கத்தில் ஓடுபவரோடு கதைத்துப் பாருங்கள். முழு வசனமாகக் கதைக்க முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருக்கா மூச்சு வாங்கினால் கூட.

ஆகவே மணிக்கூடு வாங்கப் பணம் இல்லையென்று யாரும் நிற்கத் தேவையில்லை. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, 15 செக்கன் எண்ணி, நான்கால் பெருக்குங்கள். கழுத்தில் எண்ணுவதென்றால் ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல். நின்றவுடனேயே எண்ண வேண்டும், பிந்தினால் இறங்கிவிடும். துடிப்பு ஒழுங்கில்லாமல் தப்பித் தப்பி அடித்தால், நெஞ்சு நொந்தால், நோ கைக்கோ தாடைக்கோ பரவினால், தலை சுற்றி விழப் பார்த்தால், ‘பழைய பயந்தான்’ என்று நீங்களாகத் தீர்மானிக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நானும் முதலில் ஈ.சி.ஜி எடுத்த பிறகுதான் பயம் என்று பெயர் வைத்தேன். நீண்ட காலம் உடற்பயிற்சி செய்யாதவர்களும் சலரோகம், பிரஷர் உள்ளவர்களும் தொடங்க முன் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

சிலருக்கு இலக்கமே நோயாகிவிடும். எனது நண்பர் ஒருவர் இரவில் எழும்பி எழும்பித் துடிப்பைப் பார்க்கத் தொடங்கினார். பார்த்தால் பயம், பயந்தால் ஏறும், ஏறினால் மறுபடி பார்ப்பார். அவரிடம் மணிக்கூட்டை அலுமாரிக்குள் வைக்கச் சொன்னேன். இப்போது மனைவியோடு கதைத்துக்கொண்டு நடக்கிறார், நித்திரை வருகிறதாம்.

எனது காலை நாடி இப்போது 64. 137 ஐத் தாண்டாமல் ஐந்து கிலோமீற்றரை 38 நிமிடத்தில் ஓடி முடிக்கிறேன். வயது மூன்று கூடியதால் எல்லையை 134 ஆக இறக்க வேண்டும், இறக்கினால் ஒரு நிமிடமாவது பிந்தும். பிரஷர் இறங்கியிருக்கிறது, சீனி இன்னும் எல்லையில்தான் நிற்கிறது, சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். கிழமைக்கு ஒரு நாள் வேகமாகவும் ஓடிப் பார்க்கிறேன், ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நடை, ஆறு தடவை. போன வியாழக்கிழமை கடைசித் தடவையில் மணிக்கூடு 168 காட்டியது. நிற்காமல் மதகைத் தாண்டி ஓடி, அடுத்த மின்கம்பத்தடியில்தான் நடக்கத் தொடங்கினேன்.